காலைக் கடிக்கிற பார்டர் கோலி குட்டிக்கு காட்பாடில வீட்டுக்கே வந்து ட்ரெயினிங் – எங்க வீட்டு ரிவ்யூ

வேலூர் காட்பாடி சைடுல வீட்டுக்கே வந்து நாய்க்கு ட்ரெயினிங் குடுக்கிற ஒரு தம்பிகிட்ட எங்க பார்டர் கோலி குட்டிக்கு கிளாஸ் எடுத்தோம், அத பத்தி விவரமா எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிகினு இருந்தேன். சின்ன பசங்க இருக்கிற வீடு, குட்டி எந்நேரமும் காலையே கடிக்குது, நாய திருப்பி குடுத்துடலாமான்னு வீட்ல சண்டை நடக்குதுன்னா இத கொஞ்சம் பொறுமையா படிங்க. மொதல்லயே சொல்லிடுறேன், இவரோட சர்வீஸ் எனக்கு ரொம்ப திருப்தி, குறையும் ரெண்டு மூணு இருக்கு அதையும் சொல்றேன். ஆனா நாய அவருகிட்ட ஒப்படைச்சிட்டு நாம உள்ள போயி சமைக்கலாம்னு நினைச்சி கூப்பிடாதீங்க, இவரு கிளாஸ்ல பாதிக்கு மேல பசங்களுக்கும் நமக்கும் தான்.

எங்க வீடு காந்தி நகர்ல தனி வீடு. பொண்ணு மூணாவது படிக்கிறா, பையன் யூகேஜி, மாமியாரும் கூட இருக்காங்க. பெங்களூர்ல இருக்கிற என் கொழுந்தனார் ஆசையா வாங்கின குட்டி, அவங்க அபார்ட்மெண்ட்ல சரிப்படாம எங்ககிட்ட வந்துச்சு. கருப்பு வெள்ளை, பசங்க வச்ச பேரு மின்னல். பாக்க அவ்ளோ அழகு, அறிவுன்னா அறிவு, பேர சொல்லி கூப்பிட்டா அன்னிக்கே திரும்பி பாத்துச்சு. ஆனா பையன் ஹால்ல இருந்து சமையக்கட்டுக்கு ஓடினா போதும், தலைய தாழ்த்தி, வயிறு தரையில படுற அளவுக்கு பதுங்கி, கண்ண சிமிட்டாம பாத்துகினே இருந்துட்டு ஒரே பாய்ச்சல்ல போயி குதிகால்ல ஒரு கவ்வு கவ்வும். பொண்ணு கொலுசு போட்டுகினு நடந்தா அந்த சத்தத்துக்கே காது ரெண்டும் தூக்கிக்கும், அப்புறம் கொலுசயே பல்லுல புடிச்சி இழுக்கும். அவ பாவாடை கரை பூரா ஓட்டை. மாமியார் புடவை முந்தானையும் தப்பல, அவங்க கீழ விழுந்துடுவாங்களோன்னு எனக்கு அது தனி பயம்.

இது கோவத்துல கடிக்கிற கடி இல்லன்னு எங்களுக்கு புரிய வச்சது தான் இந்த தம்பி பண்ண முதல் நல்ல காரியம். வேட்டையாடுற மிருகத்துக்கு வரிசையா சில வேலை இருக்கு, உத்து பாக்கிறது, பதுங்குறது, துரத்துறது, கவ்வுறது, கடைசியா கொல்றது. ஆடு மாடு மேய்க்க வளத்த ஜாதி நாய்ங்கள்ல மனுஷங்க தலைமுறை தலைமுறையா தேர்ந்தெடுத்து அந்த கடைசி பாகத்த மழுங்க வச்சிட்டு முன்னாடி இருக்கிறத நல்லா தீட்டி விட்டுட்டாங்க. பார்டர் கோலி இங்கிலாந்து ஸ்காட்லாந்து எல்லைப்பக்கம் ஆடு மேய்க்கிறதுக்குன்னே உருவான ஜாதி, இன்னிக்கு இருக்கிற பார்டர் கோலிங்களுக்கெல்லாம் மூதாதைன்னு சொல்ற ஓல்ட் ஹெம்ப்ங்கிற நாய் 1893-ல நார்தம்பர்லேண்ட்ல பொறந்துச்சு, குரைக்காம கண்ணாலயே ஆட்ட நகத்துறதுல பேர் போன நாய் அது. கார்கி, ஆஸ்திரேலியன் கேட்டில் டாக் எல்லாம் மாட்டோட குதிகால்ல கடிச்சி ஓட்டுறதுக்காகவே வளத்தது. நம்ம ஊர்ல தெருவுக்கு ஒண்ணு இருக்கே அல்சேஷன், அந்த ஜெர்மன் ஷெப்பர்டும் ஆடு மேய்க்கிற நாய் தான், போலீஸ்ல சேர்ந்ததெல்லாம் அப்புறம். 1899-ல ஜெர்மனில ஸ்டெஃபனிட்ஸ்னு குதிரைப்படையில இருந்த ஒருத்தரு அங்க ஆடு மேய்ச்சிகினு இருந்த நாய்ங்கள வச்சி தான் அந்த ஜாதிய நிலைப்படுத்தினாரு. அல்சேஷன் குட்டி வாங்கிட்டு பசங்கள கடிக்குதேன்னு திகைச்சி நிக்கிறவங்களுக்கும் நான் சொல்ற எல்லாமே பொருந்தும். எங்க வீட்ல ஆடு இல்ல, கத்திகினு ஓடுற பசங்க தான் இருக்காங்க, அதனால மின்னல் அவங்கள மேய்ச்சிகினு இருந்துச்சு.

இவருக்கு முன்னாடி வேற ஒருத்தர கூப்பிட்டோம், பேரு வேண்டாம். வந்ததும் பையில இருந்து, இழுத்தா கழுத்த இறுக்கிற இரும்பு சோக் செயின எடுத்தாரு. கடிச்சா மூக்குல தட்டுங்க, மல்லாக்க போட்டு அமுத்தி புடிங்க, நீங்க தான் தலைவர்னு அதுக்கு தெரியணும்னாரு. மூணு மாசம் கூட ஆகாத குட்டி. என் வீட்டுக்காரரு செயின பாத்ததுமே டீ குடுத்து மரியாதையா அனுப்பிட்டாரு. இதுல எனக்கு ரொம்ப அழுத்தமான கருத்து இருக்கு அதனால சொல்றேன். அடிச்சா குட்டி கடிய விடலாம், ஆனா கூடவே உறுமுறதையும் விட்டுடும். உறுமல் தான் பசங்களுக்கு கிடைக்கிற எச்சரிக்கை, அதுவே இல்லாம நேரா பல்லு வைக்கிற நாய் தான் பசங்க இருக்கிற வீட்டுக்கு ஆபத்து. கை கிட்ட வந்தாலே அடி விழும்னு கத்துக்கிட்ட நாய், நாளைக்கு பையன் தடவ கை நீட்டும்போது என்ன நினைக்கும்? அந்த தலைவன் கதையே 1947-ல கூண்டுல அடைச்சி வச்ச ஓநாய்ங்கள பாத்து எழுதின ஆராய்ச்சில இருந்து கிளம்பினது, காட்டுல ஓநாய் கூட்டம்னா பெரும்பாலும் அப்பா அம்மா பிள்ளைங்க அவ்ளோ தான், யாரும் யாரையும் தினம் அமுத்தி புடிச்சிகினு இருக்கிறதில்லன்னு பின்னாடி வந்த ஆராய்ச்சி சொல்லிடுச்சி.

இந்த தம்பிக்கு ஃபோன் போட்டப்ப ஃபீஸ் பேசுறதுக்கு முன்னாடி அவரு கேட்டது, "அக்கா, பசங்களுக்கு ரத்தம் வந்துச்சா? ஊசி போட்டாச்சா?" இந்த ஒரு கேள்விலயே எனக்கு நம்பிக்கை வந்துடுச்சி. பையனுக்கு சுண்டுவிரல்ல பல்லு பட்டு ரத்தம் வந்திருந்துச்சி, குழாய தொறந்து விட்டு சோப்பு போட்டு கழுவி அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிகினு போயி ஊசி ஆரம்பிச்சிட்டோம்னு சொன்னேன், அப்புறம் தான் மத்தது பேசினாரு. குட்டி தானே, வீட்டு நாய் தானே, கீறல் தானேன்னு விடுற ஜனங்க நம்ம பக்கம் நிறைய. ரேபிஸ் வந்துட்டா காப்பாத்துறது கிட்டத்தட்ட நடக்காத காரியம், வர்றதுக்கு முன்னாடி தடுக்கிறது மட்டும் தான் நம்ம கையில இருக்கு. சோப்பும் ஓடுற தண்ணியும் வச்சி 15 நிமிஷம் கழுவணும், மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது, உடனே டாக்டர்கிட்ட போகணும். தோலுக்குள்ள போடுற முறைன்னா முதல் நாளுக்கு அப்புறம் 3, 7, 28-வது நாள்ல போடுவாங்க, ஒரு ஊசியையும் விடக்கூடாது. அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரில, அதே மாதிரி மத்த அரசு ஆஸ்பத்திரிங்கள்ல காசு வாங்காம போடுறாங்க. குட்டிக்கு ரேபிஸ் ஊசி பொதுவா 3 மாசம் ஆனப்புறம் தான் போடுவாங்க, அதனால அதுக்கு முன்னாடி கடிச்சா ஊசி போட்ட நாய்ன்னு யாரும் தைரியமா இருக்க முடியாது.

முதல் கிளாஸ்க்கு வந்தவரு நாய தொடவே இல்ல. திண்ணையில உக்காந்து ஒரு பேப்பர் பேனா வச்சிகினு சும்மா பாத்துகினு இருந்தாரு, எனக்கு உள்ளுக்குள்ள என்னடா இதுக்கா காசுன்னு ஆயிடுச்சி. பசங்க ஸ்கூல் விட்டு வந்தாங்க, ஷூவ கழட்டினாங்க, பை பறந்துச்சு, ஒருத்தர ஒருத்தர் துரத்தினாங்க, மின்னல் நடுவுல. அவரு எழுதினத அப்புறம் காட்டினாரு. சாயங்காலம் அஞ்சரைக்கு மேல தான் கடி அதிகம், ஷூ லேஸ், பாவாடை, குதிகால் இந்த மூணு இடம் தான், உக்காந்திருக்கிறவங்கள ஒரு தடவ கூட கடிக்கல. அப்புறம் என்கிட்ட கேட்டாரு, "அக்கா, இது பகல்ல எவ்ளோ நேரம் தூங்குது?" யோசிச்சி பாத்தா மாமியார் பின்னாடியே சுத்திகினு இருக்கு, காலிங் பெல் அடிச்சா ஓடுது, குக்கர் விசில் வந்தா ஓடுது. இந்த வயசு குட்டி ஒரு நாளைக்கு 18 மணி நேரம் வரைக்கும் தூங்கணும்னாரு. தூக்கம் இல்லாத குட்டி தான் சாயங்காலம் ஆனா கண்மண் தெரியாம கடிக்குது, நம்ம பசங்க தூக்கம் வந்து அழுவுறாங்கள்ல அதே தான்.

அதனால முதல் மாத்தம் நாய்க்கு இல்ல, வீட்டுக்கு. மாடிப்படிக்கு கீழ இருக்கிற இடத்த அதுக்குன்னு ஒதுக்கி, பக்கத்துல இருக்கிற கிரில் பட்டறையில இடுப்பு உயரத்துக்கு ஒரு சின்ன கேட்டு போட்டோம். கம்பிக்கு நடுவுல குட்டி தலை மாட்டிக்காத அளவுக்கு நெருக்கமா போட சொல்லணும், இத அவரே பட்டறைக்காரர்கிட்ட ஃபோன்ல சொன்னாரு. உள்ள ஒரு கோணிப்பை, தண்ணி, கடிக்க ஒரு பொம்மை, மேல ஒரு பழைய புடவை போட்டு வெளிச்சத்த மறைச்சோம். பசங்க வர்றதுக்கு முன்னாடி மின்னல் தூங்கி எந்திரிச்சி, வெளிய போயி ஒண்ணுக்கு ரெண்டுக்கு முடிச்சிட்டு இருக்கணும். பசங்க வந்து கை கால் கழுவி டிபன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அது கேட்டுக்கு அந்த பக்கம். இத அது தண்டனைன்னு நினைக்கவே கூடாது, திட்டிகினே உள்ள தள்ளாதீங்க, உள்ள போனா நல்லது நடக்கும்னு பழக்குங்கன்னு திரும்ப திரும்ப சொன்னாரு. உள்ள போகும்போதெல்லாம் அவிச்ச சிக்கன் ஒரு துண்டு. இந்த ஒரு விஷயத்துலயே கடி பாதிக்கு குறைஞ்சிடுச்சின்னு என்னால தைரியமா சொல்ல முடியும்.

அடுத்தது கொலுசு. இத கொஞ்சம் நீட்டி எழுதுறேன், ஏன்னா என் கண்ணால பாத்ததுல இது தான் எனக்கு ரொம்ப பெரிய விஷயம். பொண்ணு கொலுச கழட்டி வச்சிடட்டுமான்னு நான் கேட்டேன், மாமியாருக்கு அதுல இஷ்டமே இல்ல, பொம்பள புள்ள கால் வெறுங்காலா இருக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. தம்பி, "கழட்ட வேணாம்மா, அந்த சத்தத்தையே நமக்கு உபயோகமா மாத்திக்கலாம்"னாரு. கொலுச கையில வாங்கி முதல்ல உள்ளங்கையில பொத்தி வச்சி லேசா ஒரு தடவ அசைச்சாரு, சத்தம் வந்ததும் மின்னல் காது தூக்குச்சு, அது எந்திரிக்கிறதுக்குள்ள கோணிப்பை மேல ஒரு சிக்கன் துண்டு விழுந்துச்சு. திரும்ப சத்தம், திரும்ப சிக்கன், எப்பவும் அந்த கோணிப்பை மேல தான், வேற எங்கயும் இல்ல. கொஞ்ச நேரத்துல சத்தம் கேட்டதும் அது கைய பாக்காம கோணிய பாக்க ஆரம்பிச்சிடுச்சி. அன்னிக்கு அதோட நிறுத்திட்டாரு, நான் இன்னும் கொஞ்சம் பண்ணலாமேன்னு கேட்டும் போதும்னுட்டாரு.

அதுக்கப்புறம் நான் கொலுச போட்டுகினு மெதுவா நடந்தேன். அப்புறம் பொண்ணு உக்காந்துகினே கால ஆட்டினா. அப்புறம் அவ நடந்தா, அப்போ மின்னல் கழுத்து பட்டையில லீஷ் மாட்டி என் வீட்டுக்காரரு கையில வச்சிருந்தாரு. அப்புறம் வேகமா நடந்தா. ஓடினது எல்லாத்துக்கும் கடைசியில தான், அதுக்கு பல வாரம் ஆச்சு. நடுவுல எப்ப அது கவ்வ போனாலும் திட்டு இல்ல, ஒரு படி கீழ இறங்கி திரும்ப ஆரம்பிக்கிறது. இப்ப பொண்ணு மாடிப்படில ஜல் ஜல்னு இறங்கினா மின்னல் தானா போயி கோணி மேல உக்காந்துகினு வாசப்பக்கம் யாராவது சிக்கன் எடுத்துகினு வர்றாங்களான்னு பாக்குது. என் மாமியார் அத பாத்துட்டு அவங்க தட்டுல இருந்து இட்லி துண்டு போடுறாங்க, வேணாம் அத்தைன்னா கேக்கிறதில்ல.

பசங்களுக்கு அவரு சொல்லி குடுத்தது ஸ்டேச்சூ விளையாட்டு. நம்ம எல்லாரும் சின்ன வயசுல விளையாடினது தான். குட்டி துரத்த ஆரம்பிச்சா ஓடக்கூடாது, கத்தக்கூடாது, கைய தூக்கக்கூடாது, ரெண்டு கையும் கோத்து வயித்துகிட்ட வச்சிகினு தரைய பாத்து அசையாம நிக்கணும். ஓடுறது நின்னா அதுக்கு துரத்துறதுக்கு ஒண்ணும் இல்ல. பையனுக்கு இத கத்துக்கிறது தான் கஷ்டமா இருந்துச்சு, பயந்தா கைய மேல தூக்குவான், கை மேல போனா அதுவும் மேல தாவும். அதனால தம்பி நாயே இல்லாம பசங்கள வச்சி பழக்கினாரு. அவரே நாய் மாதிரி நாலு கால்ல ஓடி வந்தாரு, ஸ்டேச்சூன்னு நான் சொன்னதும் யாரு அசையாம நிக்கிறாங்கன்னு போட்டி, பசங்களுக்கு அது ஒரே குஷி. "பாப்பா, தம்பி, நீங்க நின்னா மின்னலும் நிக்கும், நீங்க தான் அதுக்கு டீச்சர்"னு சொன்னாரு, அத என் பொண்ணு ரொம்ப சீரியஸா எடுத்துகினா. பெரியவங்களுக்கு தனி வேலை, பசங்க நின்னதும் நாம தள்ளி ஒரு பிடி தீனிய தரையில தூவணும், அது மோப்பம் புடிச்சி பொறுக்க போயிடும், பசங்க மெதுவா கேட்டுக்கு அந்த பக்கம் போயிடணும். பசங்களயே தனியா சமாளிக்க விடக்கூடாது. பெரியவங்க யாரும் இல்லாத நேரத்துல நாயும் பசங்களும் ஒரே ரூம்ல இருக்கவே கூடாது, எவ்ளோ நல்ல நாயா இருந்தாலும். தூங்கும்போது, சாப்பிடும்போது, எலும்போ பொம்மையோ கடிச்சிகினு இருக்கும்போது தொடக்கூடாது. இத ஒரு சார்ட்ல எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கோம், பொண்ணு கலர் பென்சில்ல படம் போட்டிருக்கா.

கடிக்கணும்ங்கிற ஆசை அதுக்கு இருந்துகினே தான் இருக்கும், அத கொண்டு போயி எங்கயாவது விடணும். குட்டிக்கு 28 பால் பல்லு, ஒவ்வொண்ணும் ஊசி மாதிரி, 3-4 மாசத்துல விழ ஆரம்பிச்சி 6-7 மாசத்துக்குள்ள 42 பெரிய பல்லு வந்துடும். அந்த நேரம் ஈறு நமநமன்னு இருக்கும். அதுக்கு அவரு சொன்னதுல ரொம்ப உபயோகமானது காசே இல்லாதது, பழைய காட்டன் துண்ட நனைச்சி முறுக்கி முடிச்சி போட்டு ஃப்ரீசர்ல வச்சி குடுக்கிறது. ஃப்ரீசர்ல வச்ச முழு கேரட்டும் நல்லா போகுது. வாங்கின பொருள்ல காங் ரப்பர் பொம்மை ஒண்ணு தான் குடுத்த காசுக்கு ஒர்த், உள்ள குழியா இருக்கும், உப்பு போடாத தாளிக்காத தயிர் சாதம் அடைச்சி ஃப்ரீஸ் பண்ணி குடுத்தா நக்கிகினே ரொம்ப நேரம் அமைதியா படுத்திருக்கும். குட்டியோட வாய்க்கு ஏத்த சைஸ் தான் வாங்கணும், ரொம்ப சின்னது தொண்டையில மாட்டும். ரோட்டோர கடையில வாங்கின சத்தம் போடுற பந்து ஒரே நாள்ல பிஞ்சி துண்டு துண்டாயிடுச்சி, அத முழுங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சாலே பதறுது, அந்த மாதிரி எதுவும் வாங்காதீங்க. ஞாயித்துக்கிழமை பிரியாணி மிச்சத்த போடுறது நம்ம பக்கம் சகஜம், வெந்த எலும்பு சிம்பு சிம்பா உடைஞ்சி குடல குத்தும், வெங்காயம் நாய்க்கு ஆகாது, சாக்லேட் ஆகாது, பாயசத்துல போடுற உலர் திராட்சை கூட விஷம் தான். பசங்களுக்கும் இத சொல்லி வைங்க, பாசத்துல குடுத்துடுவாங்க.

துரத்துற ஆசைக்கு ஒரு மூங்கில் குச்சி, நுனில கயிறு, கயித்துல கிழிஞ்ச துணி கட்டி மொட்டை மாடில விளையாட வைக்கிறோம். சும்மா சுத்தி விடுறது இல்ல, உக்காருன்னா உக்காரணும், போன்னா துரத்தணும், விடுன்னா வாயில இருந்து விடணும், திரும்ப உக்காரணும். தரையோட தான் இழுக்கணும், மேல தூக்கி குதிக்க வைக்கக்கூடாது, வளர்ற எலும்பு மூட்டுக்கு ஆகாது. சீக்கிரம் முடிச்சிடணும், இன்னும் வேணும்னு இருக்கும்போதே நிறுத்தணும். பக்கத்து வீட்டு பையன் லேசர் லைட் அடிச்சி விளையாட்டு காட்ட வந்தான், தம்பி கண்டிப்பா கூடாதுன்னுட்டாரு, இந்த ஜாதிக்கு வெளிச்சம் நிழல் பின்னாடி ஓடுற பைத்தியம் புடிச்சிடுமாம், அப்புறம் சுவத்துல நிழல் விழுந்தாலே நாள் பூரா அதயே பாத்துகினு இருக்கும்.

உறவுக்காரர் ஒருத்தரு, பாலாத்து பக்கம் ஆடு மேயுது, கூட்டிகினு போயி அவுத்து விடுங்க, ஆசை தீந்துடும்னு யோசனை சொன்னாரு. தம்பி ஒத்துக்கல. ஒரு நாள் விருதம்பட்டு பக்கம் லீஷோட கூட்டிகினு போனாரு, தூரத்துல ஆடுங்க வந்துச்சு, மின்னல் முன்னங்கால் ஒண்ண தூக்கினது தூக்கின மாதிரியே நின்னுடுச்சி, வாயில சிக்கன் வச்சா கூட கீழ விழுது, கண்ணு ஆட்டு மேலயே. இதுக்கு யாரும் கத்துக்குடுக்கல, பொறப்புலயே வந்தது. "அக்கா, பழக்காத நாய அவுத்து விட்டா ஆட்ட ஹைவே மேல ஏத்திடும், அது ஒருத்தரோட பொழப்பு"ன்னாரு. அங்கயே தள்ளி உக்காந்து, ஆட்ட பாத்துட்டு திரும்பி நம்மள பாத்தா தீனி, அப்படின்னு பழக்கினாரு. பைக் துரத்துறதுக்கும் இதே வழி தான், கேட்டுக்கு உள்ள லீஷ்ல உக்கார வச்சி போற வண்டிய பாக்க விட்டோம். வண்டி துரத்துற நாய் ஒரு நாள் சக்கரத்துல போயிடும், வண்டில போறவங்களும் விழுவாங்க, இதுல அலட்சியமே வேணாம்.

வெயில பத்தி சொல்லாம விட முடியாது, வேலூர் வெயில் உங்களுக்கு தெரியும், மே மாசம் 40 டிகிரிய தாண்டும். குளிர் நாட்டுல மேஞ்ச ஜாதி இது, ரெண்டு அடுக்கு முடி. விடிகாலையில ஒரு நடை, ராத்திரி ரோடு ஆறினப்புறம் ஒரு நடை, அவ்ளோ தான். புறங்கைய ரோட்டுல வச்சி பாருங்க, நமக்கு தாங்கலன்னா அதுக்கும் தாங்காது. முடிய மொட்டை அடிச்சி விடாதீங்க, சீப்பு போட்டு வாரி விட்டா போதும். வெயில் நேரத்துல மூளைக்கு வேலை குடுங்க, தீனிய துணில சுருட்டி ஒளிச்சி வச்சி தேட விடுறது, பாயில உக்கார பழக்குறது, அதுலயே நல்லா களைச்சிடும். இந்த ஊர்ல இந்த ஜாதிய புதுசா காசு குடுத்து வாங்க யாராவது என்ன கேட்டா வேண்டாம்னு தான் சொல்வேன். எங்களுக்கு வந்துடுச்சி, வந்த உயிர நல்லா பாத்துக்கணும், அதுக்காக தான் இவ்ளோ பாடு.

இப்ப குறைங்க. ஃபீஸ் நம்ம ஊரு நிலவரத்துக்கு அதிகம், மொத்தமா ஒரே தடவ கட்ட சொல்றாரு, கிளாஸ் கிளாஸா கட்டுற மாதிரி வச்சா நிறைய குடும்பத்துக்கு வசதியா இருக்கும். மழை வந்தா கடைசி நேரத்துல கேன்சல் பண்றாரு, அந்த வாரம் பசங்க ஏமாந்து போறாங்க. அவரு குடுக்கிற நோட்ஸ் பூரா இங்கிலீஷ்ல இருக்கு, பகல் முழுக்க நாய பாத்துக்கிறது என் மாமியார், அவங்களால படிக்க முடியல. இத சொன்னதும் தமிழ்ல வாய்ஸ் நோட்டா அனுப்பினாரு, "ஆயா, நீங்க சமையக்கட்டுல இருக்கும்போது இப்படி பண்ணுங்க"ன்னு தனியா அவங்களுக்குன்னே பேசி அனுப்பினாரு, ஆனாலும் அச்சடிச்சே தமிழ்ல குடுத்தா எல்லாருக்கும் உதவும். ஞாயித்துக்கிழமை கிரவுண்ட்ல நடத்துற குரூப் கிளாஸ் எனக்கு புடிக்கல, தெரு நாய்ங்க உள்ள வருது, ஊசி முழுசா முடியாத குட்டிய அங்க கூட்டிகினு போறது சரியில்ல, பார்வோங்கிற வைரஸ் நோய் வந்தா குட்டி தாங்காது. வீட்டு கிளாஸ் மட்டும் எடுங்க.

மின்னல் இப்ப முழுசா மாறிடுச்சின்னு நான் சொல்ல மாட்டேன். குளிச்சிட்டு துண்ட உதறினா இன்னும் நுனிய புடிக்குது. பையன் சைக்கிள் ஓட்டினா லீஷ் இல்லாம விட முடியல, அதுக்கு இன்னும் பழக்கிகினு தான் இருக்கோம். விருந்தாளி பசங்க அஞ்சாறு பேரு சேந்து வந்தா கேட்டுக்கு உள்ள தான் வைக்கிறோம், அதுல எந்த சமரசமும் இல்ல. ஆனா பசங்க கால்ல புதுசா பல்லு தடம் இல்ல. பையன் சோபா மேல காலத் தூக்கி வச்சிகினு ஹோம்வொர்க் பண்றத விட்டுட்டான், கீழ பாய் போட்டு உக்காந்து எழுதுறான், அது பக்கத்துல படுத்துகினு இருக்கு. இந்த வீட்ல அத எதிர்பாத்து தான் நாங்க காசு கட்டினோம்.

5-க்கு நான் 4 குடுக்கிறேன், ஒண்ணு குறைச்சது ஃபீஸ் கட்டுற முறைக்கும் கேன்சலுக்கும். வீட்ல இருக்கிற எல்லாரும் ஒரே மாதிரி நடந்துக்க தயாரா இருந்தா மட்டும் கூப்பிடுங்க, அப்பா விளையாட்டுக்கு கைய கடிக்க விடுவாரு, அம்மா திட்டுவாங்கன்னா யாரு வந்தும் ஒண்ணும் ஆகாது. கூப்பிடுறதுக்கு முன்னாடி சாயங்கால நேரத்துல குட்டி கடிக்கிறத தள்ளி நின்னு ஒரு சின்ன வீடியோ எடுத்து வைங்க, ஆனா வீடியோக்காக பசங்கள ஓட விடாதீங்க, தானா நடக்கிறத எடுத்தா போதும். ஊசி போட்ட கார்டு, குட்டி தினமும் எத்தன மணிக்கு சாப்பிடுது தூங்குதுன்னு ஒரு பேப்பர்ல குறிப்பு, உப்பு மசாலா இல்லாம அவிச்சி சின்ன சின்னதா நறுக்கின சிக்கன் ஒரு டப்பா, இதெல்லாம் ரெடியா இருந்தா முதல் நாளே வேலை ஆரம்பிச்சிடும். சாயங்கால ஸ்லாட் சீக்கிரம் ஃபுல் ஆயிடுது, பசங்களுக்கு ஸ்கூல் லீவு விட்ட நேரமா பாத்து முன்னாடியே சொல்லி வச்சிடுங்க.